பச்சை காட்டிய பலகை

ஊரில் காற்று சுத்தமாக இருந்தது. பிரச்சினையே அதுதான்.

பள்ளிக்கூட வாசலில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு மின்பலகை. மொட்டை மாடியில் இருக்கும் கருவி காற்றை உறிஞ்சி, அதிலுள்ள தூசியை அளந்து பலகைக்குச் சொல்லும். பலகை ஊருக்குச் சொல்லும். பச்சை எரிந்தால் நல்ல காற்று. மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு என்றால் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். சிவப்பு விடாமல் எரிந்தால், ஊரை ஒட்டி நிற்கும் அனல் மின் நிலையம் தன் பழைய கொதிகலனை நிறுத்தியாக வேண்டும். அது அரசாங்க உத்தரவு.

அந்தக் கோடை முழுக்கப் பலகை பச்சையாக எரிந்தது. ஊர் முழுக்க இருமியது.

"மின் நிலைய மேலாளர்தான் கருவியை ஏமாத்தறார்" என்று ஊரில் கூட்டம் கூட்டிப் பேசினார்கள். ஒருவர் பேச்சோடு நிற்காமல் கல்லை எடுத்து மேலாளரின் கார் கண்ணாடியை உடைத்தார். மறுநாளே மேலாளர் துப்பறிவாளரைத் தேடி வந்துவிட்டார்.

"நான் செய்யல, மேடம். யார் செய்யறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். முன்பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

துப்பறிவாளரைத் தொழில் வட்டாரத்தில் கண்ணாடியம்மா என்பார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகப் போர்டு மாட்டியவர். மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கும். அதை எடுத்து மாட்டினார் என்றால் எதிரில் இருப்பவர் வார்த்தையை அளந்து பேச ஆரம்பிப்பார். அவருடைய உதவியாளன் பெயர் வாய்தா. முன்பு ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து, எந்த வழக்குக்கும் வாய்தா வாங்கிவிடுவான் என்று பெயரெடுத்தவன். வேலை போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது.

"திருடன்னு ஊர் சொல்றவரே வந்து திருடனைப் பிடிச்சுக் குடுங்கன்னு கேக்கறார். நாம முன்னேறிட்டோம் மேடம்" என்றான் வாய்தா, பள்ளிக்கூடத்தில் திறந்து வைத்திருந்த மாடிக் கதவுக்கு அப்பால், மொட்டை மாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏறியபடி. பாதியில் நின்று மூச்சு வாங்கினான். "காத்து சுத்தமா இருக்குன்னா நான் ஏன் இப்படி இளைக்கிறேன்?"

"அது காத்தோட தப்பு இல்ல. காலையில நீ இட்லியில கட்டின கட்டோட தப்பு. ஏறு."

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சிரித்தார். மேலாளர் துணைக்கு அனுப்பிய ஃபோர்மேன் அவர். நிலக்கரி முற்றத்தில் ஒப்பந்த ஆட்களை மேய்ப்பது அவர் வேலை. குளித்துவிட்டு வந்திருந்தும் கழுத்து மடிப்பில் கரி கோடு போட்டிருந்தது. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் அவரை அண்ணே என்றார்கள். வாய்தாவும் வந்த சிறிது நேரத்திலேயே அண்ணே போட ஆரம்பித்துவிட்டான்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கருவி இருந்தது. பூட்டிய பெட்டி, அதன் தலையில் ஒரு குழாய், குழாய்க்கு ஒரு தொப்பி. பூட்டில் கீறல்கூட இல்லை.

"அண்ணே, வாசலுக்குப் போய்ப் பலகையைப் பாருங்க!" என்று கீழே குரல் கொடுத்த வாய்தா, பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாய்க்குக் கீழே பிடித்தான். கரும்புகை குழாயைச் சுற்றிக்கொண்டது. வாய்தாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்ன காட்டுது?"

"பச்சைதான் தம்பி! அப்படியே இருக்கு!"

"மேடம், இந்தக் கருவியை எனக்குக் கட்டி வெச்சுடுங்க. என்ன அட்டூழியம் பண்ணினாலும் முகம் சுளிக்க மாட்டேங்குது."

கண்ணாடியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குழாயின் தொப்பியைத் திருகிக் கழற்றினார். குழாயின் வாய்க்குள் கச்சிதமாக அமுக்கி வைத்த ஒரு வெள்ளை வில்லை. அதற்கு அடியில் இன்னொன்று. தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து மேலே இருந்ததை நோண்டி எடுத்தார். நாணயம் அளவு, பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. மேல்பக்கம் இப்போது பிடித்த புகையில் பழுப்பேறியிருந்தது. அடிப்பக்கம் தும்பைப்பூ.

"பெட்டியைத் தொடவே இல்ல, பாரு. மூக்கை மட்டும் பொத்தியிருக்காங்க. அதுவும் புதுசு. இந்த ஊர்ல காலையில போட்ட சட்டை மத்தியானத்துக்குள்ள கறுத்துடுது, இது கறுக்கல. யாரோ அடிக்கடி வந்து மாத்தறாங்க."

"ஒரே வில்லையை விட்டு வெச்சா என்ன?"

"அழுக்கு அடைச்சுக்கும். காத்து உள்ள போகலன்னா கருவி கத்தும், ரிப்பேருக்கு ஆள் வந்துடுவான். அதனால எப்பவும் புதுசு வேணும்." வில்லையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தொப்பியைப் பழையபடி மூடினார். "கீழே யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"அண்ணன்கிட்டயுமா? தங்கமான மனுஷன் மேடம்."

"தங்கமான மனுஷங்கதான் நாலு பேர் கேட்டா மறைக்கத் தெரியாம சொல்லிடுவாங்க."

தலைமையாசிரியையின் அறையில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சாத்தியும் மேசைமேல் சாம்பல் பொடி படிந்திருந்தது.

"மாடிக்கு யார் யார் போய் வர்ற..."

"யாரும் போறதில்ல" என்றார் தலைமையாசிரியை. சாக்பீஸ் டப்பாவை எடுத்து மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வைத்தார்.

"மாடிக் கதவுச் சாவி?"

"என்கிட்டதான் இருக்கு. ஆனா நான் ஏற மாட்டேன். மூட்டுவலி." சாக்பீஸ் டப்பா பழைய ஓரத்துக்கே திரும்பி வந்தது. அவர் கண் மட்டும் டப்பாவை விட்டு நகரவில்லை.

வெளியே வந்ததும் வாய்தா சொன்னான். "கேள்வி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள பதில் பஸ் ஏறிடுச்சே மேடம். அந்தம்மாதானா?"

"இல்ல. செஞ்சவங்க நம்மளை நேரா பார்ப்பாங்க, அதுக்குத் தயாரா இருப்பாங்க. இவங்க செஞ்சவங்களைப் பார்த்தவங்க."

மின் நிலையத்தின் கிளினிக்கில் நடைபாதை முழுக்கப் பிள்ளைகள். மடியில் ஒன்று, தோளில் ஒன்று என்று தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் மெஷின்கள் பல ஒரே நேரத்தில் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தன. நர்ஸ் வில்லையைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"இது நெபுலைசர்ல போடற வில்லை. மெஷின் இழுக்கற காத்துல தூசி இருந்தா இது தடுத்துடும். எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"வழியில கிடந்துது" என்றார் கண்ணாடியம்மா. "மருந்துக்கடையில விக்கறதா?"

"கடையில இருக்கறது வெறும் வெள்ளை. நீலக் கோடு போட்டது எங்க கிளினிக்குக்கு மட்டும் வருது. மின் நிலையத்துல வேலை பார்க்கறவங்க பிள்ளைங்களுக்கு மூச்சுத் திணறல் இருந்தா, வீட்டுக்கு ஒரு மெஷின் தர்றோம், மாசா மாசம் ஒரு பாக்கெட் வில்லையும் தர்றோம். பிள்ளைக்கு ஒரு பாக்கெட்தான். மேலாளரே வந்து நின்னாலும் ரெண்டாவது பாக்கெட் கிடையாது."

"யாராவது வாங்காம விட்டிருக்காங்களா?"

நர்ஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "பிள்ளை மூச்சு விடறதுக்கு, மேடம். யார் விடுவாங்க?"

வெளியே மரத்தடியில் கண்ணாடியம்மா வில்லையைக் கைக்குட்டையில் மறுபடி முடிந்துகொண்டார். பிறகு சொன்னார்:

"ரெண்டாவது பாக்கெட் யாருக்கும் கிடையாது. ஆனா மாடியில புது வில்லை மாறிக்கிட்டே இருக்கு. அப்படின்னா ஏதோ ஒரு வீட்டுக்கு வர்ற பாக்கெட், பிள்ளையோட மெஷினுக்குப் போகல."

வாய்தா மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தான். "பெத்தவங்களா மேடம்? பிள்ளையோட மெஷின்ல இருந்து எடுத்தா..?"

"ஒவ்வொரு வீட்டு மெஷினையும் திறந்து பார்த்தா தெரிஞ்சுடும்."

"எனக்கு இந்தக் கேஸ் வேண்டாம்னு இருக்கு."

கண்ணாடியம்மா கைக்குட்டை முடிச்சைப் பைக்குள் தள்ளினார்.

தொழிலாளர் குடியிருப்புக்கு ஃபோர்மேனே கூட்டிப் போனார். பிள்ளைகளின் மெஷின்களைச் சரிபார்க்க மேலாளர் சொல்லியிருக்கிறார் என்று அவரிடம் ஒரு கதை விட்டிருந்தார்கள். கேட்டதும் ஃபோர்மேன் கொஞ்சம் தயங்கினார், பிறகு "நல்ல காரியம்தானே" என்று முன்னால் நடந்தார். வாய்தா சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் செருகி மெக்கானிக் ஆகியிருந்தான்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள். துவைத்த துணியை யாரும் வெளியே காயப் போடவில்லை. சாம்பல் படியும் என்று அறைக்குள்ளேயே கயிறு கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஈரத்துணிக்கு அடியில் குனிந்து நுழைந்து, மெஷினின் மூடியைத் திறந்து பார்த்தான் வாய்தா. வெள்ளை வில்லை. அடுத்த வீட்டிலும் வெள்ளை. அதற்கடுத்ததிலும் நீலக் கோடு போட்ட புத்தம் புது வெள்ளை.

"மெஷின் ராஜா மாதிரி இருக்கு பாட்டி. நீங்க என்னைத்தான் ரிப்பேர் பண்ணணும்" என்று ஓரிடத்தில் சொன்னான். இன்னோரிடத்தில் மெஷினின் காதில் ரகசியம் பேசுவது போல நடித்து ஒரு பயலைச் சிரிக்க வைத்தான். பயல் சிரித்தான், சிரிப்பு இருமலாக மாறியது, தாய் முதுகைத் தடவினாள். ஃபோர்மேன் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "சின்னவனுக்கு ராத்திரி தூக்கம் வந்துதா?" "பெரியவளுக்கு மாத்திரை மாத்தினாங்களா?" என்று விசாரித்தார். எந்தப் பிள்ளைக்கு என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வரிசையின் கடைசியில் ஒரு வீட்டைத் தாண்டி அவர் நிற்காமல் நடந்தார். "அடுத்த வரிசைக்குப் போலாம் மேடம்."

"என்னங்க!" என்று அந்த வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "ஊர் மெஷினை எல்லாம் பார்க்கறீங்க, நம்ம வீட்டை விட்டுட்டுப் போறீங்களே! உள்ள வாங்க மேடம். எங்க மெஷின்லயும் ஒரு சத்தம் வருது."

"நம்மது நல்லாத்தான் ஓடுது" என்றார் ஃபோர்மேன்.

அவர் மனைவி கேட்கவில்லை. உட்கார வைத்தாள், டீ போட்டுக் கொடுத்தாள். ஏழெட்டு வயதுப் பெண் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. மெஷின் ஸ்டூலின் மேல், துண்டு போர்த்தி, பத்திரமாக இருந்தது.

வாய்தா மூடியைத் திறந்தான். உள்ளே இருந்த வில்லை சாம்பல் நிறத்தில், ஓரமெல்லாம் பிய்ந்து, கசங்கிய காகிதம் மாதிரி மெலிந்திருந்தது.

"கிளினிக்ல வில்லை வர்றதே நின்னு போச்சாமே. இவர்தான் சொன்னார்" என்றாள் மனைவி. "ஒண்ணையே கழுவிக் காய வெச்சு, கழுவிக் காய வெச்சுப் போடறேன்."

வாய்தாவின் வாய் அன்றைக்குக் காலையிலிருந்து ஓடிப் பழகியிருந்தது. மூளையைக் கேட்காமலே ஓடியது. "எங்கக்கா நின்னுது? இந்த வரிசையில எல்லா வீட்லயும் புதுசா பளபளன்னு இருக்கு. உங்க வீட்டு பாக்கெட்டை மட்டும் எலி தூக்கிட்டுப் போயிடுச்சா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு எட்டியது. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். கண்ணாடியம்மா கண்களை மூடிக்கொண்டார். இதை வெளியே, தனியாகப் பேச வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார்.

மனைவி கணவனைப் பார்த்தாள்.

ஃபோர்மேன் வாசலில், நிலையின் இரு பக்கமும் கை ஊன்றி நின்றிருந்தார். உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

"எலி இல்ல தம்பி" என்றார். "நான்தான்."

"என்ன நீங்க?" என்றாள் மனைவி.

"பள்ளிக்கூட மாடியில இருக்கற கருவிக்கு. அங்க போட்டுட்டேன்."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுருங்கிப் போயிற்று. மகள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலை தூக்கினாள். "அப்பா, மெஷினை எடுத்துட்டுப் போகப் போறாங்களா?"

"இல்லம்மா. நீ எழுது."

கண்ணாடியம்மா கேட்டாக வேண்டியிருந்தது. கேட்டார். "ஏன்?"

"போன வருஷம் பலகை சிவப்பாச்சு. மழைக்காலம் வரைக்கும் பழைய கொதிகலனை நிறுத்தினாங்க. ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பற வேலை என் தலையில விழுந்தது. ஒவ்வொருத்தனா கூப்பிட்டு நிக்க வெச்சு நான்தான் சொன்னேன். கரண்ட் பத்தாம பக்கத்துல நூல் ஆலையும் நின்னுது, ஐஸ் ஃபேக்டரியும் நின்னுது. பாதிப் பேர் ஊரை விட்டே போனாங்க. ஒருத்தன் போனவன் போனவன்தான், திரும்பவே இல்ல. அவன் சம்சாரம் இன்னும் வந்து இந்த வாசல்ல நிப்பா. ஒண்ணும் கேட்க மாட்டா. நிப்பா." அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். "மறுபடியும் அவங்களைக் கூப்பிட்டு அதைச் சொல்ல என்னால ஆகல, மேடம்."

"அதுக்கு நம்ம பாப்பாவோட வில்லையா?" என்றாள் மனைவி. கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"கடையில வாங்கினா எதுக்குன்னு கேட்பாங்க. முதல்ல ஒண்ணுதான் எடுத்தேன். பாக்கெட் நிறைய இருக்கே, ஒண்ணு குறைஞ்சா என்னன்னு பட்டுது. அப்புறம் அங்க அடிக்கடி மாத்த வேண்டியதாயிடுச்சு." ஸ்டூலைக் காட்டினார். "இந்த மெஷின் ஓடறதுக்கும் கரண்ட் வேணுமே, மேடம்..."

தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல நிறுத்திக்கொண்டார்.

"மாடிச் சாவி?"

"தண்ணித் தொட்டியைப் பார்க்கறேன்னு வாங்குவேன். தலைமையாசிரியை ஒரு தடவை பின்னாலயே ஏறி வந்துட்டாங்க. நான் கையில வில்லையோட நின்னேன். பார்த்தாங்க. திரும்பி இறங்கிப் போயிட்டாங்க. அவங்ககிட்ட படிக்கறதெல்லாம் எங்க ஆளுங்க பிள்ளைங்கதானே."

டீ ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடியம்மா எத்தனையோ பொய்களைப் பிடித்திருக்கிறார். பிடித்த பொய்யோடு அதே வீட்டில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டதில்லை. எழுந்து நின்று, பைக்குள் கை விட்டு, கைக்குட்டை முடிச்சைத் தொட்டார். வெளியே எடுக்க மனம் வரவில்லை.

"மேலாளர்கிட்ட நானே வந்து சொல்றேன்" என்றார் ஃபோர்மேன்.

மேலாளர் முழுதாகக் கேட்டார். ஃபோர்மேன் தலையைத் தூக்காமல், எதையும் குறைக்காமல் சொன்னார்.

அவர் முடித்ததும் வாய்தா சொன்னான்: "எப்படியோ, உங்க பேர்ல இருந்த கறை போயிடுச்சு சார்."

"பேரா?" என்றார் மேலாளர். "நான் பேருக்காக உங்களைத் தேடி வரல. எனக்கு அந்தப் பலகை சிவப்பாகணும்."

ஃபோர்மேன் நிமிர்ந்தார்.

"பழைய புகைபோக்கிக்குப் புது வடிகட்டி கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு நடையா நடக்கறேன். அதை மாட்டிட்டா கொதிகலனை நிறுத்தவே வேண்டியதில்ல. கரியும் எரியும், ஆளுங்களுக்கு வேலையும் இருக்கும், ஊரும் மூச்சு விடும். போகும்போதெல்லாம் ஒரே பதில். 'உங்க ஊர்ப் பலகைதான் பச்சையா இருக்கே, வடிகட்டி எதுக்கு?' சிரிக்கறாங்க. அந்தப் பச்சை பொய்னு எனக்குத் தெரியும். நிரூபிக்க வழியில்ல. அதுக்குத்தான் ஆள் வெச்சேன்."

"அப்ப நான் மறைச்சதுதான்..." ஃபோர்மேன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

மேலாளர் முகம் மாறியது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் புகைபோக்கிகள் தெரியும். "சொல்லக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. மேலாளரே காத்து மோசம்னு ஒத்துக்கிட்டார்னு ஊர்ல பிடிச்சுக்குவாங்களாம். மீறிச் சொன்னா வேலை போகும். வாயை மூடிக்கிட்டேன்." திரும்பாமலே சொன்னார். "நீ உன் ஆளுங்க வேலைக்காகப் பண்ணினே. நான் என் ஒருத்தன் வேலைக்காகப் பண்ணினேன். உன்னை நான் என்னன்னு கேக்கறது?"

மறுநாள் காலை, ஷிஃப்ட் மாறும் நேரம். நிலக்கரி முற்றத்து ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கூடியிருந்தார்கள். ஃபோர்மேன்தான் வரச் சொல்லியிருந்தார். தலைமையாசிரியை தானே மாடியேறி வந்து கதவைத் திறந்துவிட்டார். மூட்டுவலி பற்றி யாரும் கேட்கவில்லை. அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

ஃபோர்மேன் தொப்பியைக் கழற்றினார். மிச்சமிருந்த வில்லையை எடுத்தார். பிடித்துத் தூக்கித் தெருவில் நிற்பவர்களுக்குக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் பலகை மஞ்சளானது. பிறகு சிவப்பு.

இறங்கி வந்து நடந்ததைச் சொன்னார். மேலாளர் பக்கத்தில் நின்று தன் பங்கைச் சொன்னார். யாரும் ஏச்சுப் பேச்சு பேசவில்லை. பலர் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் வீடுகளிலும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை இருமலுக்கு நடுவே பலகை எப்படிப் பச்சையாக எரிகிறது என்று அவர்களில் ஒருவரும் வாய் திறந்து கேட்டதில்லை. வேலை இருந்தது, கேட்கவில்லை.

"எங்களுக்காகத்தானே அண்ணே பண்ணீங்க" என்றார் ஒருவர்.

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஏணி ஏறினேன்" என்றார் ஃபோர்மேன். "நேத்து ராத்திரி என் பொண்ணு முன்னால உட்கார்ந்து அதையே சொல்லிப் பார்த்தேன். வாயில வரல."

பழைய கொதிகலன் நின்றது. இம்முறை ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் பேச்சை மேலாளரே பேசினார், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்து. கல்லெறிந்தவர் மன்னிப்புக் கேட்க வந்தபோது, "அதை வாங்கிக்கற நிலையில நான் இல்ல" என்று திருப்பி அனுப்பினார். பலகை சிவப்பானபின் தலைமை அலுவலகத்தால் சிரிக்க முடியவில்லை. வடிகட்டிக்கு அனுமதி வந்தது. அஸ்திவாரம் தோண்டும் வேலைக்கு ஒப்பந்த ஆட்களில் பலரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரையும் எடுக்கவில்லை. ஃபோர்மேனை வேலையிலிருந்து நீக்கினார்கள். திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை.

இதெல்லாம் பிறகு நடந்தது. பலகை சிவப்பான அன்று மதியம், தங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், வாய்தா கிளினிக்குக்குப் போய் நர்ஸ் முன்னால் நின்றான். இரண்டாவது பாக்கெட் கேட்டான். நகைச்சுவையாக ஒன்றும் சொல்லவில்லை, சாக்குப்போக்கும் சொல்லவில்லை. நர்ஸ் வெகுநேரம் மறுத்துவிட்டுக் கடைசியில் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அவனும் கண்ணாடியம்மாவும் ஃபோர்மேன் வீட்டுக்குப் போனார்கள்.

ஃபோர்மேன் வீட்டில் இல்லை. மனைவி பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

"நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா" என்றான் வாய்தா. "என் வாய்க்குப் பூட்டு இல்ல."

"நீங்க சொல்லாம இருந்தாலும் நடந்தது நடந்ததுதானே தம்பி." அவள் கண்ணாடியம்மாவின் பக்கம் திரும்பினாள். பாக்கெட்டின் மூலையைப் பிய்த்தாள். "நர்ஸ் கடைத்தெருவுல என்னைப் பார்த்தப்பவே சொன்னாங்க மேடம். உங்க வீட்டுக்காரர் மாசா மாசம் வந்து பாக்கெட் வாங்கிட்டுப் போறாரேன்னு. கோடை ஆரம்பத்துலயே."

கண்ணாடியம்மா அவளைப் பார்த்தார். "அப்ப உங்களுக்குத் தெரியும்."

"என்ன பண்றார்னு தெரியாது. வாங்கறார்னு தெரியும். வீட்டுக்கு வரலன்னு தெரியும்."

"கேட்கலையா?"

"கேட்டா சொல்லிடுவாரேன்னு பயம்." அவள் குரல் தாழ்ந்தது. "பழசைக் கழுவிக் கழுவிப் போட்டேன். ஒவ்வொரு தடவை கழுவும்போதும் இன்னிக்குக் கேட்டுடலாம்னு நினைப்பேன். நேத்து நீங்க தாண்டிப் போறதைப் பார்த்ததும் என்னையறியாம கூப்பிட்டுட்டேன். என்னால கேட்க முடியாததை நீங்களாவது கேளுங்கன்னு." உள்ளே மகளைப் பார்த்தாள். "இவ பெரியவளானா எங்க ரெண்டு பேரையும் கேட்பா இல்ல, மேடம்?"

"கேட்பா."

"என்ன சொல்றது?"

ஆயுசு முழுக்க அடுத்தவர்களைக் கேள்வி கேட்டே பிழைத்தவர் கண்ணாடியம்மா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே குழந்தை இருமினாள். விடாமல் இருமினாள். தாய் பதிலுக்குக் காத்திருக்காமல் பாக்கெட்டைக் கிழித்தபடி உள்ளே ஓடினாள்.